பூஜ்யம் காட்டிய விளக்கு

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்றைக்கும் வார்னிஷ் காயவில்லை. மத்தாப்புப் பெட்டி லேபிள் ஷீட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி வந்தது. ஆபரேட்டரைக் கேட்டால் மை சரியில்லை என்றான். மைக்காரன் பேப்பர் சரியில்லை என்றான். பேப்பர்காரன் ஈரக்காற்று என்றான். ஜூன் மாதம் சிவகாசியில் ஈரக்காற்றாம்! நான் வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துப் போய், வார்னிஷைக் காயவைக்கிற யூவி விளக்குக்கு அடியில் வைத்தேன். வழக்கமாகக் காட்டுவதில் பாதிதான் காட்டியது. விளக்கின் முகக் கண்ணாடியில் ஒரு விரல்கடை அழுக்கு. துடைத்தேன். காய்ந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இந்தப் பிரஸ்ஸில் என்னைத் தவிர எல்லோருக்கும் கூடம் கோணல்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. தம்பி சிவபாண்டி கொஞ்சம் தெளிவாக இருந்தான். அப்பா விட்டுப்போன நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி போர்மேனாகப் போனவன். போன மாதக் கடைசியில் மருந்து ரூமில் தீப்பிடித்தபோது எல்லோரும் வெளியே ஓட, இந்த அறிவாளி உள்ளே ஓடியிருக்கிறான், ஒருத்தனை இழுத்துப் போட. இழுத்துப் போட்டான். அவன் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறான், இவன் இரண்டு கையும் வெந்து கிடக்கிறான்.

வலது கைதான் மோசம். தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். புண்ணில் கிருமி சேராமல் இருந்தால் விரல் எல்லாம் முழுசாகத் திரும்பும் என்கிறார் டாக்டர். சேர்ந்தால்? அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கை திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி பாண்டிலட்சுமி துணைக்கு இருக்கிறாள். "டாக்டர் என்ன சொன்னாக?" என்றால் "சொன்னாக மதினி" என்கிறாள். என்ன சொன்னாகன்னுதானடி கேக்குறேன்! சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும்.

12 ஜூன்

முதலாளி சீனிவாசகம் கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு டிரஸ்டி. டிரஸ்டி என்றால் வருஷம் ஒரு முறை ஃபேன் வாங்கிக் கொடுத்து, அதன் மூன்று இறக்கையிலும் பேர் எழுதுகிறவர்.

"ஏம்மா கற்பகவல்லி, ஆஸ்பத்திரியில கிருமி கொல்ற யூவி எல்.இ.டி. லைட்டு ஒண்ணு வாங்கியிருக்காக. வேலை செய்யுதா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியல. நீதான் யூவியில புலியாச்சே, மீட்டரோட போயிப் பாத்துட்டு வந்திரு."

கிருமி கொல்கிற சாமானைப் பார்க்க அச்சாபீஸ்காரி போக வேண்டியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் லட்சணம் அப்படி.

போகத்தான் போகிறேன். அந்த லைட்டு இருக்கிற அறையில்தான் தம்பிக்குக் கட்டு மாற்றுகிறார்கள்.

14 ஜூன், சனி

போனேன், பார்த்தேன், சிரித்தேன்.

விளக்கு நின்றது டிரஸ்ஸிங் ரூமில். வெந்தவர்களை ஒரே மேஜையில் மாற்றி மாற்றிப் படுக்கவைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுகிற இடம். ஒருவர் கிருமி அடுத்தவருக்கு ஒட்டாமல் இருக்க, நடுநடுவே ஆளையெல்லாம் வெளியேற்றிவிட்டு இந்த விளக்கைப் போட வேண்டுமாம். விளக்கா அது? ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் டிபன் கேரியர் அளவு வெள்ளைப் பெட்டி, முகத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்ன பல்புகள். எரிய விட்டால் ஒரு மங்கல் நீலம், அவ்வளவுதான். எங்கள் பிரஸ் விளக்கைப் போட்டால் அறையே கத்தரிப்பூ நிறமாக மாறிவிடும். இதற்குக் கொடுத்த விலையைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விற்றவன் மகேஷ்குமார், மதுரையிலிருந்து வந்திருந்தான். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை. "மேடம், இது இருநூத்தி எழுபத்தஞ்சு நானோமீட்டர். கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. ஆள் இருக்கும்போது எரியவே கூடாது. யாராச்சும் உள்ள வந்தா சென்சார் அணைச்சிரும்." அதுபடியே நான் கிட்டே போகும்போதெல்லாம் அணைந்தது. அளக்கவே விடவில்லை.

எங்களிடமா சென்சார்? பிரஸ்ஸில் பாதி மெஷினுக்குக் கதவு சென்சார் உண்டு, கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும். சீசனில் மெஷினை நிற்க விட்டால் ஆர்டர் போய்ச் சேருமா? ஒரு காந்தத்தை ஒட்டி அதன் வாயை அடைப்பது எங்கள் ஊரில் மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொள்கிற வித்தை. கைப்பையில் இருந்த கறுப்பு டேப்பைக் கிழித்து சென்சார் மேல் ஒட்டினேன். சாதுவாக எரிந்தது. மீட்டரை வைத்தேன்.

பூஜ்யம். இன்னும் கிட்டே வைத்தேன். பூஜ்யம். முகத்தோடு முகம் ஒட்டி வைத்தேன். கடைசி எண்கூட அசையவில்லை.

"மேடம், இந்த மீட்டரு அந்த வெளிச்சத்தப் படிக்காது. அதுக்கு வேற மீட்டரு இருக்கு. வேணும்னா நான் வாடகைக்கு எடுத்துட்டு வர்றேன்" என்றான். வியாபாரிகள் எல்லோரும் ஒரே ரகம். எடை குறைந்தால் உன் தராசு சரியில்லை என்பான். "தம்பி, நான் யூவியோட இருபது வருசமாக் குடும்பம் நடத்துறேன், எனக்குப் பாடம் எடுக்காதீக" என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று. போகட்டும்.

நர்ஸ் பானுப்பிரியா, எப்போதும் போனும் கையுமாகத் திரிகிறவள், "அப்ப இத என்னக்கா செய்ய?" என்றாள். "வெளிய துணைக்கு இருக்கிற பொம்பளைக படுக்குற ரூம்ல நைட் லேம்பா வெச்சுக்க" என்றேன். அறையே சிரித்தது.

விளக்கு செத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிரஸ்ஸில் உபரியாக ஒரு யூவி எல்.இ.டி. யூனிட் கிடக்கிறது, அதை மாட்டலாம் என்றும் சொன்னேன். டாக்டர் கும்பிட்டார். தம்பியின் கைக்கு என்னால் ஆனது இது.

15 ஜூன்

மகேஷ்குமார் இரண்டு தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை.

20 ஜூன், வெள்ளி

எங்கள் யூனிட்டை மாட்டியாகிவிட்டது. மேஜைக்கு நேர் மேலே. மீட்டரை வைத்தால் எண்கள் குதிரை மாதிரி ஓடுகின்றன. இதுதான் யூவி. டாக்டருக்கு எட்டிப்பார்க்கவே பயம்.

முதலாளி ரிப்பன் வெட்டினார். எனக்கு ஒரு சால்வை. அட்டைப்பெட்டி வாசம் அடிக்கிற சால்வை, ஏற்கெனவே யாருக்கோ போர்த்தியது. முதலாளி பேச்சில் என்னை "விஞ்ஞானி" என்றார். விருதுநகரில் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள் விஞ்ஞானி என்றால் இவர் யார், விஞ்ஞானிக்குச் சம்பளத்தைப் பாதியாகக் கொடுக்கிறவர்.

பானுப்பிரியா மேஜையைத் துடைக்கிற பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டாள். "இனிமே எதுக்குக்கா பிளீச்சிங்? அதான் லைட்டு இருக்குல்ல." சோம்பேறிக்குச் சாக்கு கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்வதில் தப்பில்லை, வேண்டாம்தான் என்றேன் நானும். அந்த வெளிச்சத்தில் எந்தக் கிருமி நிற்கும்?

24 ஜூன்

பாண்டிலட்சுமிக்குக் கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டுகிறது. "மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு மதினி. வெளிச்சத்தப் பாக்க முடியல." கூடப் படுக்கிற பெண்கள் நாலைந்து பேருக்கும் அப்படியேதான். மெட்ராஸ் ஐ. வேறென்ன? ஒரே துண்டில் ஊரே முகம் துடைத்தால் வராமல் என்ன செய்யும்? கையைக் கழுவுங்கடி என்றால் சிரிக்கிறார்கள். அவள் முகமும் கறுத்து மூக்கில் தோல் உரிகிறது. ஆஸ்பத்திரி சோப்பு போடாதே என்றேன், தலையை ஆட்டினாள். ஆட்டுவாள், கேட்கமாட்டாள்.

என் வேடிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அந்தச் செத்த விளக்கைப் பெண்கள் அறையில் வைத்தே விட்டார்கள், டேப் ஒட்டினபடியே! சுவிட்ச் போர்டு பக்கத்தில் மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது. கொசுவுக்குப் பயந்து எல்லோரும் தலையோடு போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள், இதில் நைட் லேம்பு ஒரு கேடு. இந்த ஊரில் கிண்டல்கூடச் செய்யக்கூடாது.

27 ஜூன்

முதலாளியின் மூளைக்குள் ஒரு மணி அடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் யூனிட் செய்து "ஆஸ்பத்திரி லைட்டு" என்று விற்கப்போகிறாராம். காரியாபட்டியில் ஒரு கிளினிக் முன்பணமே கொடுத்துவிட்டது. என் கையெழுத்தை பாக்கெட்டில் ஒட்டுவார்களாம். "சிவகாசியில தயாரிச்சதுன்னா வெடிக்குமோன்னு பயப்படுவாக, அதுக்குத்தாம்மா ஒன் கையெழுத்து" என்று அவரே சிரித்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இதை டைரியில் எழுதுவதற்கென்ன, யார் பார்க்கப்போகிறார்கள்.

1 ஜூலை, செவ்வாய்

தம்பிக்குக் காய்ச்சல்.

டிரஸ்ஸிங் மேஜையைப் பஞ்சால் தடவி எடுத்து லேப்பில் ஒரு தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். "மேசையில கிருமி அப்படியே இருக்குக்கா. முன்னைக்கு இப்ப கூட" என்றாள் பானுப்பிரியா, ஏதோ காப்பி ஆறிப்போச்சு என்பது போல. நான் விடவில்லை. எந்தக் கையால் தடவினாய், கை கழுவினாயா, போனைத் தொட்ட கையா? அவளும் விடவில்லை. "என்னைய ஏங்க்கா வையுறீக? ஒங்க லைட்டத்தான் போடுறேன், ஒங்க சொல்லுக்குத்தான் தொடைக்காம விட்டேன்." என் சொல்லுக்காம்! சோம்பேறித்தனத்துக்கு நான் பொறுப்பா?

மீட்டர் பொய் சொல்லாது. அவள் தட்டுதான் பொய்.

4 ஜூலை

கட்டைப் பிரித்தபோது நான் இருந்தேன். பஞ்சில் பச்சையாகச் சீழ். ஒரு தித்திப்பான வாடை. டாக்டர் மருந்தை மாற்றினார். விரல் நுனி கறுத்திருக்கிறது, சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். சிவபாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, பயப்படாத. ஒன் லைட்டு இருக்குல்ல" என்றான்.

இருக்குடா. இருக்கு.

6 ஜூலை, ஞாயிறு

பாண்டிலட்சுமிக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தொற்றிவிடும் என்று வார்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு நான் துணைக்கு இருக்க வந்துவிட்டேன். போகும்போது அழுதாள். "அவுக ராத்திரி தண்ணி கேப்பாக மதினி, எடது பக்கமா வெச்சுக் குடுங்க, வலது பக்கம் எக்க முடியாது." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

பெண்கள் அறையில் டியூப் லைட் போய்விட்டது. மாற்ற ஆள் இல்லை. அந்த நீல விளக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு இதை எழுதுகிறேன். செத்தும் கொடுக்கிறது பாவம்.

7 ஜூலை

காலையில் முகம் எரிந்தது. வெந்நீர் பட்டது போல. வியர்க்குரு என்று நினைத்தேன். மத்தியானம் பாத்ரூமில் கண்ணாடி பார்த்தேன்.

நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து எல்லாம் கன்றிப்போயிருக்கிறது. என் மூக்குக்கண்ணாடி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில், வட்டம் வட்டமாக. நடுவில் மூக்குப்பட்டையின் கோடு. ஆந்தை மாதிரி.

வெயிலில் போகவில்லை. நேற்று முழுக்க இந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தேன். என்ன பட்டது? எது பட்டது?

கையிலும். ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி.

மெட்ராஸ் ஐ முகத்தைச் சுடுமா?

8 ஜூலை

இடது முன்கையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு அந்த விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நீட்டினேன். மீட்டரையும் பக்கத்தில் வைத்தேன். மீட்டர் பூஜ்யம். சாயங்காலம் டேப்பைப் பிரித்தேன். டேப் இருந்த இடம் வெளுப்பு. சுற்றிச் சிவப்பு.

மீட்டர் பூஜ்யம் என்கிறது, என் தோல் இல்லை என்கிறது.

மீட்டரைத் திருப்பினேன். முகத்திலேயே பெரிதாக அச்சடித்திருக்கிறது, 320 முதல் 400 நானோமீட்டர் வரை மட்டும். இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற எண். எங்கள் விளக்குகள் எல்லாம் அதற்குள்தான், 365, 395. வெளியே ஒன்று இருக்கும் என்று நான் நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தப் பையன் 275 என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க ஆளைத் தராசில் ஏற்றியிருக்கிறேன்.

செத்த விளக்கு சாகவில்லை. அது மட்டும்தான் உயிரோடு இருந்தது. அதைத் தூக்கி, பாவப்பட்ட பொம்பளைக கண்ணுல — நான்தானே டேப் ஒட்டுனேன். நான்தானே வாய அடைச்சேன். அறையே சிரிச்சுச்சே, அதுல எம்புட்டு சந்தோசம் எனக்கு!

விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கயிற்றால் சுற்றிக் கட்டில் அடியில் தள்ளினேன்.

9 ஜூலை

மகேஷ்குமாருக்கு நானே போன் அடித்தேன். எடுத்தான். அந்த விளக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரி எழுதியதால் வேலை போய்விட்டதாம், இப்போது செல்போன் கடையில் இருக்கிறானாம். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் ஆத்திரமாக இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிட்டு ஒன்றுதான் கேட்டேன். பிரஸ் விளக்கு கிருமியைக் கொல்லுமா?

"அந்த வெளிச்சத்துக்கு மை காயும் மேடம். கிருமிக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது. மீட்டர்ல எம்புட்டு காட்டுனாலும் சரி."

அப்புறம், கேட்காமலேயே, "கண்ணு வலி ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும் மேடம், பயப்படாதீங்க. இனி அது முன்னால யாரையும் உக்கார விடாதீங்க" என்றான். பயப்படாதீங்களாம்.

பானுப்பிரியாவைப் பிடித்தேன். பிளீச்சிங் போட்டுத் துடை, இப்பவே, மேஜை, கால், குழாய்ப் பிடி எல்லாம். "நீங்கதான வேண்டாம்னீக?" ஆமாடி, நான்தான். துடை. அவளோடு சேர்ந்து நானும் துடைத்தேன். அவளைவிட நான் மோசமாகத் துடைக்கிறேன்.

10 ஜூலை

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

12 ஜூலை, சனி

டாக்டரிடம் சொன்னேன். மீட்டர், டேப், நைட் லேம்பு, எல்லாவற்றையும். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். "இம்புட்டு வெந்தவருக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிருமி வரலாம்மா. உங்க விளக்காலதான்னு சொல்லவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "வெளிய பேசிக்கிட்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி பேரு கெட்டுப்போகும்." அச்சாபீஸ்காரியைக் கூப்பிட்டு விளக்கை அளக்கச் சொன்னபோது கெடாத பேர்!

முதலாளியிடம் போனேன். "கிருமி செத்துச்சா சாகலையான்னு எவன் எண்ணிப் பாக்கப்போறான் கற்பகவல்லி? கண்ணுக்குத் தெரியாத கிருமி, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம். சனங்களுக்கு வெளிச்சம் போதும்." சொல்லிவிட்டு டீ குடித்தார். இந்த ஆளிடம் இருபது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் கண்ணில் நான் புலி. எலியைக்கூடப் பிடிக்காத புலி.

சிவபாண்டியிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ வேணும்னா செஞ்ச? விடுக்கா. ஊருக்குள்ள சொல்லாத. எங்கக்கா படிச்சவன்னு எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்." இவனைத் திட்டவாவது மனசு வருமா என்று பார்த்தேன். வரவில்லை. வாய்விட்டு அழுதேன். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

13 ஜூலை

பாண்டிலட்சுமி வந்துவிட்டாள். கண் தெளிந்திருக்கிறது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், முதலாளி லைட்டு விற்கப்போகிறதையும். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள். பழைய நானாக இருந்தால் மண்டு என்று எழுதியிருப்பேன்.

"என் கண்ணப் பாத்து மெட்ராஸ் ஐன்னு சொன்னீக. கையக் கழுவுங்கன்னு சொன்னீக."

"ஆமா."

"நான் நெதமும் கழுவுனேன் மதினி."

படியிறங்கும்போது திரும்பி நின்றாள். "அவுக சொல்லாதன்னுதான் சொல்லுவாக. நீங்க சொல்லுங்க. அந்த லைட்ட வாங்குற ஊர்லயும் எவளாச்சும் புருசன் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பிரஸ்ஸில் அடுத்த வருஷத்துக் காலண்டர் டிசைன் ஆல்பத்துக்குப் பூஜை. வருஷா வருஷம் போல வெளியூர் வியாபாரிகள், சந்தனம், பால்கோவா, கட்டுக் கட்டாக முருகன் படம். நடுவில் ஒரு மேஜையில் ஆஸ்பத்திரி லைட்டு, அதற்கும் மாலை. பக்கத்தில் என் கையெழுத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாளி மைக்கில் "எங்க விஞ்ஞானி ரெண்டு வார்த்தை" என்றார்.

பேசினேன். இந்த விளக்கு மையைக் காயவைக்கும், கிருமியைக் கொல்லாது, அளந்தது நான், தப்பாக அளந்தேன், என் தம்பிக்கு விரல் போயிற்று என்றேன். கிருமியைக் கொல்கிற விளக்கு வேறு இருக்கிறது, அது ஆளையும் சுடும், அதை ஆள் இருக்கிற அறையில் போடாதீர்கள், அதை அளக்க வேறு மீட்டர் வேண்டும், எதைப் போட்டாலும் முதலில் துடையுங்கள் என்றேன். மைக் பாதியில் செத்துவிட்டது. சாகவில்லை, சாகடித்தார்கள். மிச்சத்தைக் கத்தித்தான் சொன்னேன்.

காரியாபட்டி கிளினிக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அங்கேயே சண்டையை ஆரம்பித்தார். ஒரு வியாபாரி பால்கோவாவை மென்றுகொண்டே "அக்கா, அப்ப காலண்டர் வார்னிஷ் காயுமில்ல?" என்றார். மனித குலத்தின் மேல் எனக்கிருந்த அபிப்பிராயத்தை மாற்ற ஒருத்தராவது முயற்சி செய்வார்கள் என்று பார்த்தேன்.

முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மீட்டரை வைத்துவிட்டு வந்தேன். அது பிரஸ்ஸுடையது.

19 ஆகஸ்ட்

மகேஷ்குமார் பழைய கம்பெனியில் பேசி சரியான மீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான், திருப்பித் தர வேண்டியது. அவன் காட்டுகிற மாதிரி மீட்டரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து, அந்த நீல விளக்கைப் போட்டு அணைத்த பிறகு அது பதிந்துவைத்த எண்ணைப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் "மேடம், இப்படி" என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு "சரி தம்பி" என்கிறேன். மேஜையின் நடுவில் நல்ல வெளிச்சம். ஓரத்தில் பாதிதான். மேஜைக்கு அடியில் ஒன்றுமே இல்லை, நிழல். அங்கெல்லாம் துடைக்கத்தான் வேண்டும். டாக்டர் விளக்கைத் திருப்பி அனுப்பவில்லை, எங்கள் யூனிட்டைக் கழற்றிவிட்டு டிரஸ்ஸிங் ரூமுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த விலை கொடுத்ததை இப்போது வெளியே சொல்லிக்கொள்கிறார்.

டேப்பை நான்தான் பிய்த்தேன். பிசின் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் போயிற்று.

24 செப்டம்பர், புதன்

தீபாவளி சீசன். ரோட்டில் லோடு வண்டி நெரிசல். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே வெகுநேரம் ஆயிற்று. வாரம் ஒரு முறை அளந்து கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது, டீ உண்டு.

சிவபாண்டி மூன்று விரலில் சோற்றைப் பிசையக் கற்றுக்கொண்டுவிட்டான். கம்பெனியில் திரும்ப எடுக்கவில்லை. பாண்டிலட்சுமிதான் ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். டிரஸ்ஸிங் ரூம் அவள் பொறுப்பு. பானுப்பிரியாவையே விரட்டுகிறாள், போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லி.

அளந்து முடித்து, "சென்சார் நல்லா இருக்கு, உள்ள ஒருத்தரும் இல்ல, கதவச் சாத்திப் போடலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டேன் மதினி. தப்பா நெனைக்காதீக."

உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பாத்ரூம் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளியே வந்து சுவிட்சைப் போட்டாள், விளக்கு எரிந்தது, கதவிடுக்கில் கையை நீட்டினாள், அணைந்தது, எடுத்தாள், எரிந்தது, சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் வாசலில் நின்ற எல்லோரையும் விரல் நீட்டி எண்ணினாள், என்னையும் சேர்த்து. அப்புறம்தான் மறுபடி சுவிட்சைப் போட்டாள்.